கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு தலைநகர்: ஜார்ஜ்டவுனுக்கு எதற்காகப் போக வேண்டும்?

2024 ஜூன் 27, இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதி. மழை விட்டு விட்டுப் பெய்ய, இந்தியா இங்கிலாந்தை 68 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஆட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டிருந்தால் நம்மில் பலரும் 'வெஸ்ட் இண்டீஸ்' என்று சொல்லி முடித்திருப்போம். மைதானத்தின் பெயர் பிராவிடன்ஸ். கயானா என்ற நாட்டின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது.

கொஞ்ச காலமாகவே அந்த ஊர்ப் பெயர் செய்திகளில் அடிபடுகிறது. 2023 டிசம்பரில் கயானாவின் மூன்றில் இரண்டு பங்கு தனக்கே சொந்தம் என்று வெனிசுலா வாக்கெடுப்பு நடத்தியது. 2024 நவம்பரில் இந்தியப் பிரதமர் போனார். இந்திரா காந்தி 1968இல் போனதற்குப் பிறகு, 56 ஆண்டுகள் கழித்து. இடையில் 'உலகிலேயே வேகமாக வளரும் பொருளாதாரம்' என்ற தலைப்புகள் வேறு. ஆனால் ஊரைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் குறைவு. கரீபியன் என்றதும் பயண விளம்பரங்கள் காட்டுவது பார்படோஸையும் ஜமைக்காவையும்தான்.

ஜார்ஜ்டவுன் எப்படிப்பட்ட ஊர், ஏன் ஒதுங்கியே கிடந்தது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த ஜார்ஜ்டவுன்?

பிரிட்டிஷ்காரர்கள் போன இடமெல்லாம் ஒரு ஜார்ஜ்டவுன் உண்டு. சென்னையில் பாரிமுனைக்குப் பின்னால் இருப்பது ஐந்தாம் ஜார்ஜின் பெயரில். பினாங்கில் ஒன்று, கேமன் தீவுகளில் ஒன்று. நாம் பேசுவது தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், டெமராரா ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள நகரம். டச்சுக்காரர்கள் காலத்தில் இதன் பெயர் ஸ்டாப்ரூக். 1812இல் பிரிட்டிஷார் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார்கள். கயானா 1966 மே 26 அன்று விடுதலை பெற்றது, 1970இல் குடியரசானது.

நிலப்படத்தில் தென் அமெரிக்கா, பிறகு எப்படிக் கரீபியன்? தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு இதுதான். கரும்புத் தோட்டம், அடிமை முறை, கூலிக் கப்பல், கிரிக்கெட் என எல்லாவற்றிலும் அதன் உறவு டிரினிடாடோடும் பார்படோஸோடும்தான். பக்கத்து பிரேசிலோடு அல்ல. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான 'காரிகாம்' தலைமையகமே ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது.

நாட்டின் பரப்பு சுமார் 2.15 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ பத்து லட்சத்தைத் தொடவில்லை. அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்து ஒடுங்கிய பட்டையில் வாழ்கிறார்கள். மீதி காடும் சவன்னா புல்வெளியும்.

தண்ணீர்க் கணக்கு

அந்தக் கடலோரப் பட்டை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. துல்லியமாகச் சொன்னால், ஓதம் (நாள்தோறும் கடல் நீர் ஏறி இறங்குவது) ஏறி நிற்கும்போது கடல் எந்த உயரத்தில் இருக்குமோ, அதைவிட நகரத்தின் தரை ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்வு. இதை விளங்கிக்கொண்டால் ஊரில் கண்ணில் படும் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒவ்வொன்றாகப் போவோம்.

1. மண் எங்கிருந்து வந்தது? தென்கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி அமேசான் ஆறு கடலில் கொட்டும் வண்டல்தான் இது. கரையோர நீரோட்டம் அதை வடமேற்கே இழுத்து வருகிறது. கயானாவின் கடல் நீலமாக இல்லாமல் டீக்கடைப் பால் டீ நிறத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அது சேறு கலந்த தண்ணீர்.

2. அந்தச் சேறு ஓரிடத்தில் நிற்பதில்லை. கடலடியில் பல கிலோமீட்டர் நீளச் சேற்றுத் திட்டுகளாகத் திரண்டு, ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துகொண்டே போகிறது. திட்டு எதிரே இருக்கும் வரை அலையின் வேகம் அடங்கும், கண்டல் (மாங்குரோவ்) மரங்கள் முளைக்கும். திட்டு நகர்ந்துவிட்டால் அலை நேராகக் கரையை அரிக்கும். அதனால் ஒரே கரை சில ஆண்டுகள் வளரும், சில ஆண்டுகள் தேயும்.

3. இந்தச் சதுப்பை விளைநிலமாக்கியவர்கள் டச்சுக்காரர்கள். சொந்த நாட்டில் பழகிய வித்தையைத்தான் செய்தார்கள்: முன்னால் கடலுக்கு ஒரு கரை, பின்னால் காட்டு வெள்ளத்துக்கு ஒரு கரை, நடுவில் வாய்க்கால் வலை. இப்படிக் கரைகட்டி மீட்ட நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். திட்டம் மட்டும்தான் டச்சுக்காரர்களுடையது. மண்ணை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1940களின் இறுதியில் சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் ஆணையம் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு சதுர மைல் கரும்பு வயலுக்கு 49 மைல் வடிகால், அதோடு பாசனத்துக்கும் கரும்புப் படகுகளுக்குமாக 16 மைல் வாய்க்கால். முழங்கால் சேற்றில், மண்வெட்டியால்.

4. வெளியேற்றம் எப்படி? மழைநீர் கடலுக்குப் போக வேண்டும், கடலோ உயரத்தில் இருக்கிறது. இதற்குத்தான் 'கோக்கர்'. டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். நம் ஊர் மதகு, ஷட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தூணுக்கு நடுவே ஏற்றி இறக்கும் கனமான கதவு. கடல் இறங்கியதும் கதவைத் தூக்குவார்கள்; வாய்க்கால் தண்ணீர் ஓடும். கடல் ஏறுமுன் இறக்கிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு ஓதம், இரண்டு முறை இந்த வேலை. பம்புகளும் இருக்கின்றன, ஆனால் அடிப்படை இன்னும் இதுதான். கதவை இறக்க மறந்தால் கடல் தெருவுக்கு வரும். ஏற்ற மறந்தால் மழை தெருவிலேயே நிற்கும்.

5. பின்பக்க ஆபத்து. கடலுக்கு எதிர்த்திசையில், மண் கரை போட்டு நன்னீரைத் தேக்கிவைத்திருக்கிறார்கள். நம் ஏரி மாதிரிதான், ஆனால் மிகப் பெரியது. வயலுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. 2005 ஜனவரியில் விடாமல் பெய்த மழையில் வாய்க்கால்கள் நிரம்பி வழிந்தன, அந்த நீர்த்தேக்கத்தின் கரையும் உடையுமோ என்ற நிலை வந்தது. தலைநகரும் கிழக்குக் கரைக் கிராமங்களும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சேதம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் பாதிக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள்.

நகரத்தின் கடல் சுவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல பத்தாண்டுகள் எடுத்துக் கட்டப்பட்டது. ஜார்ஜ்டவுனின் மெரினா என்றால் இதுதான். ஞாயிறு மாலை ஊரே அதன் மேல் வந்து உட்காரும். இளநீர், பாட்டுச் சத்தம், பொரித்த மீன். ஈஸ்டர் திங்களன்று பட்டம் விடுவார்கள். பட்டத்தின் தலையில் ஒரு காகித நாக்கு வைத்திருப்பார்கள்; காற்றில் அது வண்டு போல ரீங்கரிக்கும். சுவரின் மேல் நின்று ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் தெருவையும் பார்த்தால், எது உயரம் என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும். ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். இறங்கிய நேரத்தில் போனால் வெறும் சேற்று வெளிதான் தெரியும்.

மரத்தால் ஒரு நகரம்

இளகிய களிமண் மேல் கல் கட்டடம் எழுப்பினால் அமிழ்ந்துபோகும். கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டும். காட்டிலோ கிரீன்ஹார்ட் என்ற மரம் இருக்கிறது. நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், கரையான் எளிதில் அண்டாது. ஆக, பிரிட்டிஷார் தங்கள் ஊரில் கல்லில் கட்டியதையெல்லாம் இங்கே மரத்தில் கட்டினார்கள். நகரத்தின் தனி அழகே இந்தக் கட்டாயத்திலிருந்து வந்ததுதான்.

செயின்ட் ஜார்ஜ் பேராலயம் இதன் உச்சம். ஆர்தர் புளோம்ஃபீல்ட் வரைந்த கட்டடம், 1892இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது, உயரம் 43 மீட்டருக்கும் மேல். உலகின் மிக உயரமான மரத் தேவாலயங்களில் ஒன்று. கூரான வளைவு, தூண், மேல்தளம் எல்லாம் கோத்திக் பாணி, ஆனால் பலகை. வெள்ளையடித்த பலகைகளின் இடைவெளியில் காற்று உள்ளே வருகிறது. ஐரோப்பாவின் கல் கோயில்களில் அடிக்கும் குளிர்ந்த ஈர வாடை இங்கே கிடையாது. 1889இல் திறந்த நகர மன்றக் கட்டடமும் மரம்தான். ஒரு ஏசு சபைப் பாதிரியார் வடிவமைத்தது. கோபுரம், முனை, நுணுக்க வேலைப்பாடு என்று கல்யாண கேக் மாதிரி இருக்கும்.

பெரிய கட்டடங்களைவிடச் சாதாரண வீடுகளைக் கவனிப்பது நல்லது. தூண்களின் மேல் நிற்கும் வீடு. கீழே திறந்த இடம். அதற்கு 'பாட்டம் ஹவுஸ்' என்று பெயர். வெள்ளம் வந்தால் தண்ணீருக்கு, வராத நாட்களில் ஊஞ்சல் படுக்கைக்கு, கல்யாணத்துக்கு, துணி உலர்த்துவதற்கு, டியூஷனுக்கு. அடுத்தது டெமராரா ஜன்னல். மேலே கீல் வைத்து, அடிப்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும் பலகைச் சட்டம். மழை உள்ளே வராது, காற்று வரும், தெருவிலிருந்து வீட்டுக்குள் தெரியாது. குளிர்பதனப் பெட்டி வராத காலத்தில் வசதியானவர்கள் ஜன்னலடியில் பனிக்கட்டி வைத்துக் காற்றைக் குளிரவைத்தார்களாம்.

மரத்துக்கு எதிரி தீ. 1945இல் பெருந்தீ ஒன்று நகர மையத்தின் ஒரு பகுதியை அருங்காட்சியகத்தோடு விழுங்கியது. 2004 கிறிஸ்துமஸ் அன்று மெயின் தெருவின் சேக்ரட் ஹார்ட் தேவாலயம் எரிந்தது. வை வை பழங்குடியினர் 1972இல் கட்டிக்கொடுத்த உமானா யானா என்ற கூம்பு வடிவக் கூரைக் கூடம் 2014இல் சாம்பலானது. பிறகு அதே முறையில் திரும்பக் கட்டினார்கள். தீ விட்டுவைத்ததை இப்போது கான்கிரீட் விழுங்குகிறது. நில விலை ஏறிய தெருக்களில் மர வீட்டை இடித்துக் கண்ணாடிச் சதுரம் எழுப்புவதே லாபம். பக்கத்து நாடான சுரினாமின் தலைநகர் பராமரிபோவின் பழைய பகுதி 2002லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. ஜார்ஜ்டவுனின் பெயர் யுனெஸ்கோவின் பரிசீலனைப் பட்டியலிலேயே நெடுங்காலம் கிடக்கிறது. 'பிறகு போய்க்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட இது தோதான ஊர் அல்ல.

தெருக்கள் ஏன் அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கின்றன? நகரத்தின் ஒவ்வொரு பேட்டையும் ஒரு காலத்தில் ஒரு தோட்டம். ஆற்றோரம் அல்லது கடலோரம் ஒடுங்கிய முகப்பு, பின்னால் உள்நோக்கி நீளும் நிலம். தோட்டத்தின் வாய்க்கால்கள் தெருக்களாயின. மெயின் தெருவின் நடுவே மரநிழலில் நடைபாதை இருக்கிறதே, அது தூர்த்த வாய்க்கால். பேட்டைப் பெயர்களிலும் தோட்டம் தெரியும்: போர்டா என்பது பழைய தோட்ட முதலாளியின் பெயர், வெர்க்-என்-ரஸ்ட் என்றால் டச்சு மொழியில் 'வேலையும் ஓய்வும்'. ஓய்வு யாருக்கு என்று பெயர் வைத்தவர் சொல்லவில்லை.

ஆற்றைக் கடக்கும் பத்து நிமிடம்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்டாப்ரூக் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். 1881இல் முடிந்த இரும்புக் கட்டடம். உச்சியில் நான்கு முகக் கடிகாரக் கோபுரம். இரும்பு வேலை அமெரிக்காவின் டெலவேரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துடையது. உள்ளே தங்க நகைக் கடையும் மீனும் துணியும் மருந்துப் பட்டையும் அடுத்தடுத்து. வெளியே மினிபஸ் நிலையம். ஒவ்வொரு தடத்துக்கும் எண், நடத்துனர் கத்திக் கூப்பிடுவார். விமான நிலையம் இருக்கும் திமேரிக்கு 42. கோயம்பேட்டில் வளர்ந்தவர்களுக்கு இங்கே வழி கேட்கத் தேவையிருக்காது. பர்ஸை முன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்த்துத்தான்.

மார்க்கெட்டை ஒட்டிப் படகுத்துறை. 'ஸ்டெல்லிங்' என்பார்கள், இதுவும் டச்சு. அங்கிருந்து மரப் படகுகள் மோட்டார் வைத்து எதிர்க்கரைக்குப் பறக்கின்றன. எதிர்க்கரையின் பெயர் வ்ரீட்-என்-ஹூப், 'அமைதியும் நம்பிக்கையும்'. 2025 அக்டோபரில் ஆற்றின் குறுக்கே உயரமான புதிய பாலம் திறந்துவிட்டார்கள்; ஆனாலும் இதைப் படகில் கடப்பதுதான் சரி. கயானாவின் இருநூறு வருடக் கதை அந்த எதிர்க்கரையில் அடுக்கடுக்காக இருக்கிறது.

முதல் அடுக்கு அடிமை முறை. வ்ரீட்-என்-ஹூப் தோட்டத்தின் உரிமையாளர் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. அவருடைய இன்னொரு தோட்டமான 'சக்சஸ்' பகுதியில்தான் 1823ஆம் ஆண்டு அடிமைகளின் எழுச்சி மூண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுந்தார்கள்; நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்கும் முன்பு, 1763இல் கிழக்கே பெர்பிஸ் பகுதியில் கஃபி தலைமையில் நடந்த எழுச்சிக்கு நகரத்தில் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. பிப்ரவரி 23, அந்த எழுச்சி தொடங்கிய நாள்தான், நாட்டின் குடியரசு நாள். அன்று மஷ்ரமானி என்ற தெருக் கொண்டாட்டம்.

இரண்டாவது அடுக்கு ஒப்பந்தக் கூலி. அடிமை முறை முடிவுக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் கிளாட்ஸ்டன் கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். 1838 மே 5 அன்று 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. இறங்கிய 396 பேரில் ஒரு பகுதியினர் அனுப்பப்பட்டது இதே வ்ரீட்-என்-ஹூப்புக்கு. 1917 வரை சுமார் 2.39 லட்சம் இந்தியர்கள் வந்தார்கள். இன்று நாட்டில் இந்திய வம்சாவளியினர் சுமார் 40 விழுக்காடு. விட்பி கப்பலின் வெண்கல உருவம் நகரத்தில் ஒரு பூங்காவில் நிற்கிறது. 2023இல் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் இன்றைய தலைமுறையினர் ஜார்ஜ்டவுனுக்கே வந்து கயானா பல்கலைக்கழகத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

மூன்றாவது அடுக்கு எண்ணெய். வ்ரீட்-என்-ஹூப் கரையோரத்தில் கடலைத் தூர்த்துச் செயற்கைத் தீவு ஒன்றை உண்டாக்கி, ஆழ்கடல் எண்ணெய்க் கப்பல்களுக்குத் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள்.

'மதராஸ்' மிச்சங்கள்

கூலிக் கப்பல்களில் பெரும்பாலானவை கல்கத்தாவிலிருந்து வந்தவை. போஜ்புரி பேசியவர்களே அதிகம். மதராஸ் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1845 முதல் சில பத்தாண்டுகளுக்குள் அந்த வரத்தும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. தமிழ் அங்கே இப்போது பேச்சுமொழி அல்ல. அப்படியானால் என்ன மிஞ்சியது?

பெயர்கள் மிஞ்சின. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வீரசாமி பெருமாளைத் தெரிந்திருக்கும். ஸ்கோர்போர்டில் அவர் 'வீராசாமி பெர்மால்'. 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

கோயிலும் மிஞ்சியது. கடலோரக் கிராமங்களில், குறிப்பாகக் கிழக்கே பெர்பிஸ் பக்கம், 'காளி மாய்' கோயில்கள் இருக்கின்றன. வழிபாட்டையே 'மதராஸ்' முறை என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு காலை பூசை. கொட்டுவது தப்பு, அதே பெயரில்தான். கையில் உடுக்கை. வேப்பிலைக் கொத்து, மஞ்சள் தண்ணீர், சாமியாட்டம். உள்ளே மாரியம்மா, சுற்றிலும் மதுரை வீரன், முனீஸ்வரன், காட்டேரி, சங்கனி. எல்லாப் பெயர்களும் கொஞ்சம் வாய் மாறி ஒலிக்கும். அவர்களோடு 'நாகூரா' என்று ஒரு தெய்வம். நாகூர் ஆண்டவர்தான் கடல் கடந்து போய் மாரியம்மனுக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கிறார். பூசாரி பாடும் பாட்டில் தமிழ்ச் சொற்கள் வரும். பாடுகிறவருக்கும் முழுப் பொருள் தெரிந்திருக்காது. அருங்காட்சியகப் பொருளாகப் பார்க்கக் கூடாது, இது உயிரோடு நடக்கிற வழிபாடு. போகுமுன் கோயிலாரிடம் கேட்டுக்கொண்டு போவது மரியாதை.

சாப்பாட்டில் கதை இன்னும் கலந்து கிடக்கிறது. இந்துக் கல்யாண வீடுகளில் 'செவன் கறி': பூசணி, உருளை-கடலை, மாங்காய், கீரை என ஏழு கறியை அல்லி இலையில் சோற்றோடு பரிமாறுவார்கள். வாழை இலைக்குப் பதில் வட்ட இலை. நடுவில் குழிவதால் குழம்பு ஓடாது. கத்தரிக்காய்க்கு 'பலஞ்சே' என்ற பெயர். கிறிஸ்துமஸ் காலையில் மதம் பார்க்காமல் எல்லார் வீட்டிலும் பெப்பர்பாட். மரவள்ளிக் கிழங்குச் சாற்றைக் கறுப்புப் பாகாகக் காய்ச்சி அதில் வேகவைக்கும் இறைச்சி, பழங்குடியினரின் கண்டுபிடிப்பு. அந்தப் பாகு இறைச்சியைக் கெடாமல் காப்பதால், தினமும் கொதிக்கவைத்துப் பல நாள் வைத்திருப்பார்கள்.

எண்ணெய் என்ன செய்கிறது?

2015 மே மாதம், கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடலில் எண்ணெய் கிடைத்ததாக அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் அறிவித்தது. அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் ஸ்டாப்ரூக், நகரத்தின் பழைய பெயரேதான். 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் வெளியே வந்தது. 11 பில்லியன் பீப்பாய்க்கும் மேல் எடுக்கலாம் என்பது மதிப்பீடு. 2022இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது.

அப்படியானால் ஊரெல்லாம் பணக்காரர்களா? ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. 100 டாலர் எண்ணெய் விற்றால், அதில் 75 டாலர் வரை நிறுவனங்கள் தங்கள் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.
2. மீதி 25 டாலரில் பாதி நாட்டுக்கு: 12.50.
3. அதோடு ராயல்டி 2 டாலர். ஆக 14.50.
4. முதலீட்டுச் செலவு கழியக் கழிய நாட்டின் பங்கு கூடும். ஆனால் புதிய கிணறுகளுக்கான செலவும் இதே கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த விகிதம் நியாயமா என்பதுதான் ஜார்ஜ்டவுனில் டாக்சி ஏறினால் ஓட்டுநர் தொடங்கும் பேச்சு. பயணிக்கு இதன் விளைவு எளிது: விமானங்கள் கூடியிருக்கின்றன, ஓட்டல்கள் முளைக்கின்றன, அறை வாடகை பக்கத்து நாடுகளைவிட அதிகம், சாலையெல்லாம் வேலை நடக்கிறது. கடல் மட்டம் ஏறினால் முதலில் மூழ்கக்கூடிய ஊர், கடலடி எண்ணெயை எடுத்து அந்தக் காசில் கடல் சுவரைப் பலப்படுத்துகிறது. இந்த முரண்பாடு அங்கே யாருக்கும் தெரியாததல்ல. எடுக்காமல் விட்டால் சுவருக்குக் காசு யார் தருவது என்று திருப்பிக் கேட்பார்கள்.

வெனிசுலா தகராறு ஆபத்தா?

எஸெக்கிபோ ஆற்றுக்கு மேற்கே உள்ள, சுமார் 1.6 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பற்றியது இந்தத் தகராறு. 1899இல் பாரிஸ் நடுவர் மன்றம் அதைப் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கொடுத்தது. 1962இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று வெனிசுலா சொன்னது. 2018இல் வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 வாக்கெடுப்புக்குப் பத்துப் பதினோரு நாள் கழித்து இரு நாட்டு அதிபர்களும் செயின்ட் வின்சென்ட் தீவில் சந்தித்து, பலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தார்கள். ஜார்ஜ்டவுன் கிழக்கே டெமராரா கரையில் இருப்பதால், வெனிசுலா உரிமை கோரும் நிலத்துக்குள் வராது. எல்லையோரக் காட்டுப் பகுதிகளுக்குப் போவதாக இருந்தால் மட்டும் அந்தந்த நேரத்து எச்சரிக்கைகளைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்ற ஊர், யாருக்கு அல்ல

வெள்ளை மணலும் நீலக் கடலும் வேண்டுமென்றால் ஜார்ஜ்டவுன் வேண்டாம். குளிக்கக் கடற்கரை கிடையாது. சுற்றுலா இங்கே வளராததற்கு முதல் காரணமே அந்தச் சேறுதான். 1978இல் வடமேற்குக் காட்டில், ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் அமெரிக்க மதக் குழு ஒன்றைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் மாண்ட சம்பவம் நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இன்னொன்று. பல பத்தாண்டு வறுமை, கூட்டம் கூட்டமாக நியூயார்க்குக்கும் டொரான்டோவுக்கும் குடிபெயர்ந்தது, தேர்தல் கால இனப் பதற்றம் ஆகியவை மற்ற காரணங்கள். இருட்டிய பிறகு நகர மையத்தில் தனியாக நடப்பதை உள்ளூர்க்காரர்களே தவிர்ப்பார்கள்.

ஊர் எப்படி உருவானது என்று பார்த்து ரசிப்பவர்களுக்கு நான்கு நாள் போதாது. தாவரவியல் பூங்காவின் குளத்தில் கடற்பசுக்கள் இருக்கின்றன. கரையில் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கித் தண்ணீருக்கு மேல் நீட்டினால் முதலில் குமிழி வரும், பிறகு சாம்பல் நிறத்தில், மீசை வைத்த, சுருங்கிய ஒரு மூக்கு. மேலுதடு இரண்டாகப் பிரிந்து விரல்களைப் போல அசைந்து புல்லை வாங்கிக்கொள்ளும். வாய்க்கால்களில் களை மண்டாமல் இருக்க இவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கேயும் வாய்க்கால்தான் காரணம்.

போர்டா கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றியும் மழைநீர் வடியும் அகழி இருக்கிறது. 1930இல் வெஸ்ட் இண்டீஸ் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான். 1971இல் சுனில் கவாஸ்கர் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததும் அதே மைதானம், 116 ரன்.

ஆற்றோரம் தெற்கே போனால் டயமண்ட் என்ற இடத்தில் ரம் வடிசாலை. மரத்தாலேயே செய்த பழைய வடிகலன்கள் இன்றும் ஓடுகின்றன; மூடிய தோட்டங்களிலிருந்து பெயர்த்து எடுத்து வந்து வைத்தவை. குடிக்காதவர்களும் பார்க்கலாம். டெமராரா சர்க்கரை என்று கடையில் பழுப்பு நிறத்தில் கிடைப்பதும் இந்த ஆற்றின் பெயர்தான்.

நகரத்தையொட்டிய ஓகில் விமானத் தளத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் கையட்டூர் அருவி. ஒரே வீழ்ச்சியாக 226 மீட்டர். பொதுப் போக்குவரத்துச் சாலை கிடையாது, கம்பித் தடுப்பு பெரும்பாலும் கிடையாது, கடை கிடையாது. வழியெல்லாம் காட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் விமானம் என்பதால், இருக்கை நிறையாவிட்டால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார்கள். அதனால் கையட்டூரைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கக் கூடாது.

புறப்படுமுன்

1. காலம்: மே முதல் ஆகஸ்ட் நடு வரையும், நவம்பர் நடு முதல் ஜனவரி வரையும் மழை. பிப்ரவரி–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் நல்லது. மஷ்ரமானியும் ஈஸ்டர் பட்டமும் முதல் வறண்ட பருவத்தில் வருகின்றன. அருவியில் தண்ணீர் கொட்ட வேண்டுமென்றால் மழைக்காலம்.

2. வழி: இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. நியூயார்க், மயாமி, டொரான்டோ, லண்டன், பனாமா போன்ற இடங்களில் மாற வேண்டும். இடையில் இறங்கும் நாட்டின் விசா தேவையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கயானா விசாவைவிடப் பலருக்கும் சிக்கல் வருவது அங்கேதான்.

3. பணம்: ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 209 கயானா டாலர். விலைப்பட்டியலில் வெறும் டாலர் குறிதான் இருக்கும். ஆயிரம் என்று பார்த்துப் பதற வேண்டாம்.

4. தடுப்பூசி: மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் கயானா இருக்கிறது. பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஊசி போட்டு, மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது.